கிளாரிந்தா: பண்டிகைக் காலத்தில் ஒரு துயரக் கதை

(ஆழ்வார்திருநகரியில் மார்கழி மாத இலக்கியக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மார்கழி மாதம். விடியற்காலையில் திருப்பாவை, ராத்திரியில் கோவில் புறப்பாடு. இந்த ஊர்க்காரர்களுக்கு மூச்சு விட நேரமில்லாத மாதம் இது. அடுத்த ரயில்வே ஸ்டேஷனான நாசரேத்திலோ கிறிஸ்துமஸ் வேலை நடந்துகொண்டிருக்கும். வாசலில் ஸ்டார் கட்டியாகிவிட்டது, கேரல் பாடுகிறவர்கள் வீடு வீடாகப் போகிறார்கள். ஒரே ஆற்றுத் தண்ணீரைக் குடிக்கிற இரண்டு ஊர்கள், ஒரே பனிக்காலத்தில், இரண்டு பண்டிகைகளுக்குள் இருக்கின்றன. அப்படிப்பட்ட நேரத்தில் ஒரு நாவலைப் பற்றிக் கேட்க இவ்வளவு பேர் வந்து உட்கார்ந்திருப்பதே பெரிய மகிழ்ச்சி.

இன்றைக்கு எடுத்துக்கொண்ட பொருள் இதுதான். பண்டிகைக் காலத்தில் வாசிக்கத் தகுந்த ஒரு நாவல், துயரத்தையும் நம்பிக்கையையும் மன்னிப்பையும் பேசுகிற நாவல், நம்முடைய தாமிரபரணிக் கரையிலிருந்து வந்திருக்கிறதா? வந்திருக்கிறது. 1915ஆம் ஆண்டிலேயே வந்திருக்கிறது. எழுதியவர் அ. மாதவையா. நாவலின் பெயர் 'கிளாரிந்தா'. அந்த நாவலுக்குப் பின்னால் ரத்தமும் சதையுமாக ஒரு பெண் இருந்தார். அந்தப் பெண் கட்டிய கோவில் பாளையங்கோட்டையில் இன்றும் நிற்கிறது.

"நல்ல நாளும் பொழுதுமாகத் துயரக் கதை எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதிலிருந்தே தொடங்கலாம்.

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேறெங்கும் போக வேண்டாம். பதில் இந்த ஊர்க் கோவிலுக்குள்ளேயே இருக்கிறது. அத்யயன உற்சவத்தில், வைகுண்ட ஏகாதசியன்று தொடங்கும் இராப்பத்தில், இங்கே என்ன சேவிக்கிறார்கள்? திருவாய்மொழி. 1,102 பாசுரங்கள், நூறு பதிகங்கள். அந்தப் பதிகங்களில் 27 பெண் குரலில் வருகின்றன. மகளாக, தாயாக, தோழியாக. திருவாய்மொழி பாடிய ஆழ்வார் பெண்ணாக நின்று பேசும்போது அவருக்குப் பெயர் பராங்குச நாயகி. அவள் என்ன செய்கிறாள்? பிரிவு தாங்காமல் கலங்குகிறாள். தூக்கமில்லாமல் தவிக்கிறாள். பறவைகளைத் தூது விடுகிறாள். மகளின் நிலையைப் பார்த்துத் தாய் அரற்றுகிறாள். ஆண்டின் மிகப் பெரிய திருநாளில், ஊரே கூடியிருக்கும் இடத்தில், ஒரு பெண்ணின் பிரிவுத் துயரம் ராத்திரி ராத்திரியாகப் பாடப்படுகிறது. யாராவது "இது பண்டிகைக்கு ஆகாது" என்று சொன்னார்களா? சொல்லவில்லை. ஆயிரம் ஆண்டுகளாகச் சொல்லவில்லை.

அந்த உற்சவம் எப்படி முடிகிறது என்பதையும் நினைத்துப் பாருங்கள். கடைசி நாளில் ஆழ்வார் திருவடி தொழல். அர்ச்சகர்கள் ஆழ்வாரைக் கைகளில் ஏந்திக்கொண்டு அடி அடியாக நகர்ந்து பெருமாளிடம் கொண்டுபோகிறார்கள். திருமுடி பெருமாளின் திருவடியில் படும்படி வைக்கிறார்கள். மேலே துளசியைச் சாத்துகிறார்கள். சாத்திக்கொண்டே இருக்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் ஆழ்வாரின் திருமேனி கண்ணுக்குத் தெரிவதில்லை. பச்சைத் துளசி மட்டும்தான் தெரிகிறது. கூட்டத்தில் வயதான அம்மாமார்கள் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொள்வதைப் பார்க்காதவர்கள் இங்கே யாரும் இருக்க முடியாது. பிறகு, ஆழ்வாரை உலகத்துக்குத் திருப்பித் தந்தருள வேண்டும் என்று பெருமாளிடம் விண்ணப்பம் போகிறது. துளசி விலக்கப்படுகிறது. ஆழ்வார் திரும்ப வருகிறார்.

இழப்பு, வேண்டுதல், திரும்பக் கிடைத்தல். ஒரு நாவலுக்கு வேண்டிய அத்தனையும் இதில் இருக்கிறது. ஆகவே பண்டிகையும் துயரமும் ஒட்டாது என்று நினைக்க நமக்கு உரிமையே இல்லை.

வாழ்க்கையும் அதைத்தான் காட்டியது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இந்த அவையில் யார் மறந்திருப்பார்கள்? மார்கழி பிறந்த அன்று தொடங்கிய மழை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர். ஆற்றங்கரை ஊர்களெல்லாம் தண்ணீருக்குள். திருச்செந்தூரிலிருந்து சென்னை கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் நின்றுபோனது. உள்ளே ஏறத்தாழ 800 பேர். தண்டவாளத்துக்கு அடியில் மண் அரித்துப் போயிருந்தது. சாலையும் இல்லை, கரண்டும் இல்லை. அந்தப் பயணிகளுக்குச் சோறு போட்டவர்கள் யார்? பக்கத்துப் புதுக்குடி மக்கள். தங்கள் வீட்டுக்குள்ளும் தண்ணீர் நின்ற நேரத்தில், இருந்த அரிசியைப் பொங்கிப் போட்டார்கள். ஏகாதசிக்கு ஒரு வாரம்கூட இல்லை. கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம். அந்த ஆண்டு பண்டிகை நின்றுவிட்டதா? நிற்கவில்லை. சேறு வழித்த வீட்டில் கோலம் போட்டார்கள். சேறு வழித்த வீட்டில் ஸ்டார் கட்டினார்கள். அப்படிக் கட்டியவர்களுக்கு என்ன மாதிரிக் கதை தேவைப்பட்டிருக்கும்? எல்லாரும் சிரிக்கிற கதையா? அல்லது, அழுதவர் ஒருவர் எப்படி எழுந்தார் என்று சொல்கிற கதையா?

ஆங்கிலத்தில் இப்படிப்பட்ட கதைகளுக்கு ஒரு தனி மரபே உண்டு. அதற்குப் பிள்ளையார் சுழி போட்டதாகப் பலரும் சொல்வது சார்லஸ் டிக்கன்ஸின் 'எ கிறிஸ்துமஸ் கரோல்'. 1843 டிசம்பர் 19 அன்று வெளிவந்தது. அச்சடித்த 6,000 பிரதிகளும் கிறிஸ்துமஸுக்கு முதல் நாளே தீர்ந்துவிட்டன. ஸ்க்ரூஜ் என்ற கஞ்சக் கிழவன் மனம் மாறுகிற கதை என்று நமக்குத் தெரியும். ஆனால் அதன் நடுவில் என்ன இருக்கிறது? ஒரு ஏழைக் குமாஸ்தாவின் வீடு. அங்கே டிம் என்ற கால் ஊனமான சிறுவன் இனி இல்லாமல் போகும் ஒரு நாள், வருங்காலக் காட்சியாக ஸ்க்ரூஜுக்குக் காட்டப்படுகிறது. அடுப்படி மூலையில் ஆளில்லாத முக்காலி, பக்கத்தில் ஊன்றுகோல். பண்டிகைக் கதையின் மத்தியில் ஒரு குழந்தையின் சாவை வைக்க டிக்கன்ஸ் தயங்கவில்லை. பன்னிரண்டு வயதில், தகப்பனார் கடனுக்காகச் சிறையில் இருந்தபோது, ஷூ பாலிஷ் தொழிற்சாலையில் புட்டிகளுக்கு லேபிள் ஒட்டி வேலை பார்த்தவர் அவர். பண்டிகை நாளில் ஓர் ஏழை வீட்டுக்குள் என்ன நடக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை.

அந்தக் கதையில் மன்னிப்பு எங்கே வருகிறது? ஸ்க்ரூஜின் தங்கை வழி மருமகன் ஃபிரெட். வருஷா வருஷம் மாமாவை விருந்துக்குக் கூப்பிடுகிறான். வருஷா வருஷம் மாமா திட்டி அனுப்புகிறார். கடைசியில் ஒரு நாள் மாமா வாசலில் வந்து நிற்கும்போது, அவன் கணக்குக் கேட்கவில்லை. உள்ளே கூப்பிட்டு உட்கார வைக்கிறான். அவ்வளவுதான். நீண்ட வசனம் எதுவும் இல்லை. நல்ல எழுத்தாளர்களுக்கு இது தெரியும். மன்னிப்பை வசனமாகச் சொன்னால் பொய்யாகிவிடும், ஒரு செய்கையில் காட்டினால் நம்பலாம்.

இனி நம் ஊருக்கு வருவோம். பதினெட்டாம் நூற்றாண்டுக்கு வருவோம்.

தஞ்சாவூரை மராட்டிய மன்னர்கள் ஆண்ட காலம். அரண்மனை உத்தியோகத்தில் இருந்த ஒரு மராத்தி பிராமணரின் மனைவி. புருஷன் இறந்துவிட்டார். அந்தப் பெண்ணை உடன்கட்டை ஏற்றப் பார்த்தார்கள் என்றும், லிட்டில்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி சிதையிலிருந்து அவரைக் காப்பாற்றினார் என்றும் வழிவழியாகச் சொல்லிவருகிறார்கள். சதியைத் தடை செய்யும் சட்டம் வருவதற்கு இன்னும் அரை நூற்றாண்டுக்கு மேல் இருந்தது. வங்காளத்தில் 1829இலும் சென்னை மாகாணத்தில் 1830இலும்தான் அது வந்தது. ஆகவே காப்பாற்றப்பட்ட பெண் எங்கே போவார்? பிறந்த வீடு சேர்க்குமா? புகுந்த வீடு சேர்க்குமா? சாதி சேர்க்குமா? லிட்டில்டனோடே வாழ்ந்தார். ஆங்கிலம் கற்றார். அவர் வழியாகக் கிறிஸ்தவ மார்க்கத்தை அறிந்தார்.

ஞானஸ்நானம் வேண்டும் என்று கேட்டார். யாரிடம்? அந்தக் காலத்தில் தஞ்சாவூரில் பெரும் மதிப்போடு இருந்த ஜெர்மானிய மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம். 1750இல் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்தவர், மன்னரே நம்பியவர். அவர் மறுத்துவிட்டார். காரணம், கல்யாணம் செய்துகொள்ளாமல் ஒரு ஆங்கிலேயரோடு வாழ்கிற பெண்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். அந்தப் பெண்ணின் நிலையில் இருந்து பாருங்கள். தன் மதம், புருஷனோடு எரிந்துபோ என்றது. தேடிப் போன மதம், வாசலில் நில் என்றது. காப்பாற்றிய மனிதரால் மனைவி என்ற பெயரைத் தர முடியவில்லை. ஒரு பெண்ணை மூன்று பக்கமும் அடைத்தாயிற்று. இதற்குப் பிறகு அவர் யார் மேல் கோபப்பட்டாலும் யார் குறை சொல்ல முடியும்?

லிட்டில்டனுக்குப் பாளையங்கோட்டைக்கு மாற்றலாகிறது. அந்தப் பெண்ணும் கூட வருகிறார். லிட்டில்டன் நோயில் விழுந்து இறந்துபோகிறார். இரண்டாவது முறையாகத் துணையை இழக்கிறார் அந்தப் பெண், இந்த முறை சொந்தமென்று ஒருவரும் இல்லாத ஊரில். 1778இல் சுவார்ட்ஸ் ஐயர் பாளையங்கோட்டைக்கு வந்தார். முன்பு மறுத்த அதே சுவார்ட்ஸ் ஐயர். இந்த முறை ஞானஸ்நானம் கொடுத்தார். பெயர் கிளாரிந்தா.

அதன் பிறகு என்ன செய்தார்? இதுதான் இந்த உரையின் உயிர்நாடி. அழுதுகொண்டு ஒரு மூலையில் உட்காரவில்லை. 1780இல் எழுதிய பாளையங்கோட்டைச் சபைப் பதிவேட்டில் 40 பெயர்கள் இருக்கின்றன. முதல் பெயர் கிளாரிந்தா. திருநெல்வேலித் திருச்சபை வரலாற்றை எழுத வந்த கால்டுவெல் அந்தப் பட்டியலில்தான் தொடங்க வேண்டியிருந்தது. அந்த நாற்பது பேர் ஒரே சாதிக்காரர்கள் அல்ல, பல சாதிக்காரர்கள். அவர்கள் கூடி ஜெபிக்க ஒரு கோவில் வேண்டும் என்று கிளாரிந்தா முயன்றார். போதிக்க ஆள் அனுப்புங்கள் என்று கேட்கத் தஞ்சாவூருக்கே பயணம் போனார்.

தஞ்சாவூருக்கு! ஏறத்தாழ 300 கிலோமீட்டர். பஸ் இல்லை, ரயில் இல்லை. தூரத்தை விடுங்கள். எந்த ஊருக்குப் போகிறார்? சிதை அடுக்கிய ஊருக்கு. யாரிடம் போகிறார்? முதலில் இல்லை என்று சொன்னவரிடம். எதற்குப் போகிறார்? தனக்கு ஒன்று கேட்டு அல்ல, நாற்பது பேருக்கு ஓர் உபதேசியைக் கேட்டு. அந்தப் பயணத்தில் அவர் மனத்தில் என்ன ஓடியது என்று எந்த மிஷன் கடிதமும் எழுதி வைக்கவில்லை. ஆனால் கால் நடந்திருக்கிறது. காயம் பட்ட ஊருக்குள் தலை நிமிர்ந்து போய்த் திரும்பியிருக்கிறது. மன்னிப்பு என்ற பெரிய சொல்லுக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் வேறு வேண்டுமா?

1785 ஆகஸ்ட் 24 அன்று பாளையங்கோட்டையில் அந்தச் சிறிய கோவிலை சுவார்ட்ஸ் ஐயரே பிரதிஷ்டை செய்தார். அங்கே ஊழியத்துக்கு வந்து சேர்ந்தவர் சத்தியநாதன் என்ற தமிழர். 1790 டிசம்பர் 26 அன்று, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், அவர் தஞ்சாவூரில் குருப்பட்டம் பெற்றார். ஒரு விதவை கேட்டதற்குக் கிடைத்த பலன் இது. கோவிலை மக்கள் பாப்பாத்தியம்மாள் கோவில் என்றே கூப்பிட்டார்கள். கிளாரிந்தா கிணறு ஒன்றும் வெட்டினார், அதுவும் பாப்பாத்தியம்மாள் கிணறுதான். தண்ணீர் எடுக்கிற இடத்தில் சாதி எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்று நம் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? அந்தக் காலத்தில் ஒரு பிராமண விதவை ஊருக்கு வெட்டிய கிணறு, பல பிரசங்கங்களுக்குச் சமம்.

இந்தக் கதையை நூற்று முப்பது ஆண்டுகள் கழித்து நாவலாக எழுதியவர் யார் என்பது அடுத்த அதிசயம்.

அ. மாதவையா ஒரு பாதிரியார் அல்ல. கிறிஸ்தவரும் அல்ல. 1872இல் திருநெல்வேலிச் சீமைப் பெருங்குளத்தில் ஒரு பிராமணக் குடும்பத்தில் பிறந்தவர். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தவர். உப்பு, ஆயத்தீர்வை இலாகாவில் உத்தியோகம். தன் மதத்திலேயே கடைசிவரை இருந்தவர். 'பத்மாவதி சரித்திரம்' எழுதித் தமிழ் நாவலுக்கு வழி போட்டவர்களில் ஒருவர். 'முத்துமீனாக்ஷி'யில் இளம் விதவையின் துயரத்தை எழுதி, அந்தப் பெண்ணுக்கு மறுமணமும் செய்து வைத்தவர். அந்தக் காலத்தில் அப்படி எழுதினால் அக்கிரகாரத்தில் என்ன பேச்சு வரும் என்று யோசித்துப் பாருங்கள்.

இப்படிப்பட்டவர் 1915இல் ஆங்கிலத்தில் 'கிளாரிந்தா' எழுதினார், ஒரு சரித்திர நாவல் என்று பெயரிட்டு. மிஷன் பதிவேடு சில வரிகளில் முடித்துவிட்ட பெண்ணுக்கு ஒரு குழந்தைப் பருவம் கொடுத்தார். படிப்பு சொல்லித் தரும் தாத்தாவைக் கொடுத்தார். பொருந்தாத கல்யாணம், அரண்மனைச் சூழ்ச்சி, சிதை, மீட்பு, லிட்டில்டனோடு வாழ்ந்த வாழ்வு, பிறகு பாளையங்கோட்டையில் ஊருக்குச் செய்த தொண்டு என்று ஒரு முழு வாழ்க்கையைக் கட்டி எழுப்பினார். பதிவேட்டில் ஒரு பெயராக இருந்தவர், நாவலில் ஒரு மனுஷியானார்.

இதில் மாதவையாவுக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் ஆபத்து இருந்தது. சொந்த சாதிக்காரர்கள், மதம் மாறிய பெண்ணைப் புகழ்கிறாயே என்று கேட்கலாம். மிஷன்காரர்கள், எங்கள் சபையின் முதல் விசுவாசி கல்யாணமாகாமல் வாழ்ந்ததை ஏன் எழுதுகிறாய் என்று கேட்கலாம். இரண்டு பேருக்கும் பிடித்த மாதிரி எழுதுவது சுலபமான காரியம். கொஞ்சத்தை மறைத்தால் போதும். அவர் மறைக்கவில்லை. அந்தப் பெண்ணை எந்த மதத்தின் வெற்றிச் சின்னமாகவும் ஆக்காமல், நம்பிக்கை என்பது ஒரு பெண் தானாக யோசித்து, அடி பட்டு, தேர்ந்துகொண்ட ஒன்று என்று காட்டினார். நம்பிக்கையைப் பற்றிய நாவல்களில் இது அபூர்வம். நம்பாதவர்களைச் சிறுமைப்படுத்தாமல் நம்பிக்கையை எழுதத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. நம் பக்கத்தில் எச். ஏ. கிருஷ்ணபிள்ளையைச் சொல்லலாம். கரையிருப்பில் வைணவக் குடும்பத்தில் பிறந்து, கிறிஸ்தவரான பிறகு 1894இல் 'இரட்சணிய யாத்திரிகம்' பாடியவர். ஆங்கில எழுத்தாளர் பன்யனின் கதையை எடுத்துக்கொண்டார், ஆனால் கம்பனின் நடையை விடவில்லை. மதம் மாறினாலும் தமிழ் மாறவில்லை.

இப்போது மன்னிப்புக்கு வருவோம். கடினமான இடம் இதுதான்.

நம் வீடுகளில் மன்னிப்பு என்ற பெயரில் என்ன நடக்கிறது? அடி வாங்கிய பெண்ணைப் பார்த்து, "பொறுத்துப் போ தாயி, குடும்பம்னா அப்படித்தான்" என்கிறார்கள். ஏமாற்றப்பட்ட தம்பியைப் பார்த்து, "அண்ணன்தானே, விட்டுக் கொடு" என்கிறார்கள். செய்தவனை ஒரு வார்த்தை கேட்பதில்லை. பட்டவர் மன்னித்தாக வேண்டும், அதுவும் பண்டிகைக்குள், சொந்தக்காரர்கள் வருவதற்குள். இது மன்னிப்பே அல்ல. வாயை அடைப்பது. மன்னிப்பு பட்டவரின் உரிமை. மற்றவர் கட்டளை போட்டு வாங்க முடியாது.

பட்டவர் தானாகவே கொடுக்கும் மன்னிப்புக்கு வைணவ மரபில் இருக்கும் பெரிய உதாரணம் கூரத்தாழ்வான். குருபரம்பரை நூல்கள் சொல்லும் கதை உங்களுக்குத் தெரியும். ராமானுஜருக்குப் பதிலாகச் சோழன் சபைக்குப் போனார். அரசன் கேட்ட ஓலையில் கையெழுத்துப் போட மறுத்தார். கண்களை இழந்தார். அவரைச் சபைக்கு இழுத்துவரக் காரணமாக இருந்தவன் நாலூரான். அவரிடம் படித்தவன், அரசனோடு சேர்ந்துகொண்டவன். ஆண்டுகள் கழிந்து காஞ்சிபுரத்தில் பேரருளாளன் சந்நிதியில் நிற்கிறார் ஆழ்வான். போன கண்ணைக் கேள் என்பது ராமானுஜரின் ஆசை. பெருமாள் கொடுக்கத் தயார். ஆழ்வான் என்ன கேட்டார்? எனக்குக் கிடைக்கும் பேறு நாலூரானுக்கும் கிடைக்கட்டும் என்றார்.

யாராவது அவரை வற்புறுத்தினார்களா? இல்லை. ஆசாரியர்கூட வேறொன்றைத்தான் கேட்கச் சொன்னார். நடந்தது நடக்கவே இல்லை என்று ஆழ்வான் பாசாங்கு செய்தாரா? அதுவும் இல்லை. குழி விழுந்த கண்களோடுதான் நின்றார். காயம் அப்படியே இருந்தது, அவர் கேட்டது மட்டும் வேறாக இருந்தது. கிளாரிந்தா தஞ்சாவூருக்குப் போனதையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒருவர் வைணவ ஆசாரியர், மற்றவர் மதம் மாறிய விதவை. இரண்டு பேரும் தங்களுக்குத் தீங்கு வந்த திசையை நோக்கித் தாங்களாக நடந்தவர்கள். இரண்டு பேரும் அங்கே போய்த் தங்களுக்காகக் கேட்காதவர்கள்.

நம் காலத்திலும் ஒன்று நடந்தது. 1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூர் கிராமத்தில், ஜீப்புக்குள் தூங்கிக்கொண்டிருந்த மிஷனரி கிரகாம் ஸ்டெயின்ஸும் அவருடைய இரண்டு சிறு பையன்களும் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெரியவனுக்குப் பத்து வயது, சின்னவனுக்கு ஆறு. மனைவி கிளாடிஸ், கொன்றவர்களை மன்னிப்பதாகச் சொன்னார். நாடே அதிர்ந்து கேட்டது. ஆனால் அவர் சட்டத்தின் வழியில் குறுக்கே நிற்கவில்லை. வழக்கு நடந்தது, தண்டனை கிடைத்தது. அவர் தன் மகளோடு பாரிபதாவிலேயே தங்கி, கணவர் நடத்திவந்த தொழுநோயாளர் இல்லத்தைத் தொடர்ந்து நடத்தினார். 2005இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. இங்கேயும் அதேதான். மன்னித்தேன் என்ற சொல் ஒரு நாளில் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு தினமும் காலையில் எழுந்து நோயாளிகளுக்குக் கட்டுப் போட்ட வருஷங்கள்தான் அந்தச் சொல்லை மெய்யாக்கின.

அப்படியானால் இதை நாவலாக எழுதுகிறவருக்கு என்ன பொறுப்பு? இந்த அவையில் எழுத ஆசைப்படும் இளைஞர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காக இதைச் சொல்லியாக வேண்டும். பண்டிகைக்கு வெளிவரும் உருக்கமான கதைகள் பலவற்றில் ஒரு வசதி இருக்கிறது. முதல் அத்தியாயத்தில் சாவு. நடுவில் ஒரு நல்ல மனிதர் வந்து நாலு நல்ல வார்த்தை சொல்வார். கடைசி அத்தியாயத்தில், சரியாகப் பண்டிகை நாளன்று, எல்லாரும் கட்டிப்பிடித்து அழுது மன்னித்துவிடுவார்கள். புத்தகத்தை மூடும்போது மனம் லேசாக இருக்கும். ஆனால் உண்மையில் புருஷனைப் பறிகொடுத்த ஒரு பெண் அதை வாசித்தால் என்ன நினைப்பார்? எனக்கு மட்டும் ஏன் இன்னும் ஆறவில்லை, என்னிடம் ஏதோ குறை இருக்கிறது போல என்று நினைப்பார். ஆறுதல் சொல்ல வந்த புத்தகம் அவரை இன்னும் தனியாக விட்டுவிடும்.

திருவாய்மொழி அப்படிச் செய்யவில்லை. பராங்குச நாயகியின் பிரிவு ஒரு தடவை வந்து தீர்ந்துபோவதில்லை. ஒரு பதிகத்தில் சேர்ந்திருப்பாள், அடுத்த பதிகத்தில் மறுபடியும் தவிப்பாள். தேறியதுபோல இருக்கும், மறுபடியும் விழுவாள். துயரம் நிஜத்தில் அப்படித்தான் வருகிறது. ஆறாம் மாதம் தேறியவர் எட்டாம் மாதம், பரணில் ஒரு பழைய சட்டையைப் பார்த்து உடைந்துபோவார். அந்த ஏற்ற இறக்கத்துக்கு இடம் கொடுக்கிற நாவல்தான் துயரப்பட்டவர்களுக்கு உதவும். மாதவையா ஒரு பெண்ணின் முழு ஆயுளையும் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் இதுதான் என்று தோன்றுகிறது. ஒரு பண்டிகை வாரத்துக்குள் அடக்க முடியாத கதை அது.

மாதவையாவின் கடைசி நாளையும் இங்கே சொல்ல வேண்டும். 1925 அக்டோபர் 22. சென்னைப் பல்கலைக்கழக செனட் கூட்டம். பட்டப்படிப்பில் தமிழைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று எழுந்து பேசினார். பேசி முடித்த இடத்திலேயே சரிந்து விழுந்து உயிர் போனது. வயது 53. தமிழுக்காகப் பேசி உயிரை விட்டவரின் 'கிளாரிந்தா' மட்டும் ஆங்கிலத்திலேயே பல்லாண்டு கிடந்தது. பிறகு சரோஜினி பாக்கியமுத்து அதைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். சாகித்திய அகாதெமி ஆங்கில மூலத்தை மறுபதிப்புச் செய்தது. ஆனால் இன்றைக்கும் நம் ஊர் நூலகத்தில் போய்க் கேட்டால் கையில் கிடைக்குமா? நாசரேத்திலும் ஸ்ரீவைகுண்டத்திலும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு அந்தப் பெயராவது தெரியுமா?

ஆகவே இந்தக் கூட்டத்தின் சார்பில் ஒரே ஒரு வேண்டுகோள். தமிழ் 'கிளாரிந்தா' மறுபடியும் நல்ல பதிப்பாக வர வேண்டும். மார்கழியில் திருப்பாவைப் போட்டி நடத்துகிற பள்ளிகளும், கிறிஸ்துமஸுக்கு நாடகம் போடுகிற பள்ளிகளும் அந்த நாவலிலிருந்து ஒரு பகுதியை எடுத்து வாசிக்க வேண்டும். வாசித்தபின் பிள்ளைகளைப் பாளையங்கோட்டைக்குக் கூட்டிப் போக வேண்டும். இங்கிருந்து பஸ் ஏறினால் அரை நாள் காரியம். அந்தக் கோவிலையும் கிணற்றையும் காட்டி, 1780ஆம் ஆண்டுப் பட்டியலின் முதல் பெயர் யாருடையது என்று கேட்க வேண்டும்.

இந்த விடுமுறைக்குள் ஒரு பிரதியாவது தேடிப் பிடிப்பது என்று இங்கே சில நண்பர்கள் முடிவு செய்திருக்கிறார்கள். கிடைத்ததும், தை பிறந்த முதல் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து வாரம் ஓர் அத்தியாயமாக இதே இடத்தில் சத்தமாக வாசிக்கலாம். வர விரும்புகிறவர்கள் வெளியே இருக்கும் நோட்டில் பெயர் எழுதிவிட்டுப் போங்கள்.